படம் ஏன் பிசகியது? நீரேரிக் கரையில் பறவைப் படம் எடுப்பவர்களுக்கு, அறிகுறி வாரியாக

ஆவணி கழிந்து புரட்டாசி பிறந்ததும் யாழ்ப்பாணத்து நீரேரிகளில் ஒரு மாற்றம் தெரியும். மாதக்கணக்காக அடித்த சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, ஓயத் தொடங்கும். வற்றிக் கிடக்கும் சேற்றுத் திடலில் நேற்று இல்லாத சின்னக் கால்கள் இன்று ஓடித் திரியும். உப்புக்கொத்திகளும் உள்ளான்களும்தான் முதலில் வந்து சேர்கிறவை. ஐப்பசி, கார்த்திகையில் ஊசிவால் வாத்துகள், நம் பேச்சில் தாரா, கூட்டமாக இறங்கும். இந்த இடைப்பட்ட கிழமைகளில்தான் கமராவோடு கரைக்கு வருகிறவர்களும் கூடுகிறார்கள். அவர்களில் பலர் வீட்டுக்குப் போய்ப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சோர்ந்து போகிறார்கள். லென்ஸ் சரியில்லை என்று முடிவு கட்டி, கடன் பட்டாவது இன்னொன்று வாங்க விசாரிக்கத் தொடங்குகிறார்கள்.

நான் பார்த்தவரையில் லென்ஸ் குற்றவாளியாக இருப்பது மிக அருமை. காற்று, ஈரம், உப்பு, தூரம், அவசரம் என்று காரணம் வேறெங்கோ இருக்கும். எது என்று படமே சொல்லும். ஆகவே பிசகிய படங்களைக் கரையிலேயே அழித்துவிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து நூறு வீத அளவில் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள்: பறவையின் கண், இறகின் நுனி, அது நிற்கும் தரை. கீழே சொல்பவற்றில் பாதி அந்த மூன்று இடங்களை வைத்துத்தான்.

பறவை நெளிந்து, தண்ணீரில் கரைந்தது போல இருக்கிறது

தொடராக எடுத்த பத்துப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பாருங்கள். ஒன்றில் கழுத்து தடித்து, அடுத்ததில் மெலிந்து, மூன்றாவதில் கால் முறிந்தது போலத் தெரிந்தால் அது கானல். பறவையும் ஆடவில்லை, கமராவும் ஆடவில்லை, நடுவில் உள்ள காற்றுத்தான் ஆடுகிறது. சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று மேலே உள்ள குளிர்ந்த காற்றோடு கலக்கும்போது ஒளி வளைந்து வளைந்து வருகிறது. நெடுந்தெருவில் மத்தியானம் தார் நெளிவது போலத் தெரிவதும் இதனால்தான்.

நாவற்குழி, அரியாலைப் பக்கத்து வெளிகளில் இந்தத் தொல்லை மிக அதிகம். உப்புப் பூத்த வெறுந்தரை, நிழல் தர ஒரு மரமில்லை. மழை தொடங்காத புரட்டாசியில் காலை எட்டரை, ஒன்பது மணிக்கே கானல் எழும்பிவிடும். கண்ணுக்கு அது தெரியாது, லென்ஸுக்குத் தெரியும். தூரத்தை இன்னும் கிட்டக் காட்ட லென்ஸோடு பூட்டும் டெலிகன்வேர்ட்டர் போட்டால் பறவையோடு சேர்த்துக் கானலையும் அல்லவா பெரிதாக்குகிறோம்? கணினியில் கூர்மை ஏற்றினாலும் நெளிவுதான் கூர்மையாகும்.

செய்ய வேண்டியவை: இந்த மாதங்களில் சூரியன் ஆறு மணியை ஒட்டி எழும். ஐந்தரைக்கே கரையில் இருந்தால் உங்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். மழை பெய்த மறுநாள், மப்பும் மந்தாரமுமாக இருந்தால், பகல் முழுவதும் எடுக்கலாம். சேற்றுக்கு மேலாகப் பார்ப்பதை விடத் தண்ணீருக்கு மேலாகப் பார்த்தால் நெளிவு குறையும். எல்லாவற்றையும் விடப் பெரிய மருந்து கிட்டப் போவது. நூறு மீற்றர் கானல் காற்றைத் துளைத்து எடுத்த படத்தை எந்த லென்ஸாலும் மீட்க முடியாது.

வான் வண்டிக்குள் இருந்தபடி எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏசி போட்டுக்கொண்டு வந்து, கண்ணாடியை இறக்கி, உடனே எடுத்தால் உள்ளிருக்கும் குளிர்காற்றும் வெளிக்காற்றும் லென்ஸின் வாசலிலேயே கலக்கும். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் பொறுங்கள். சூடான பொனெற்றுக்கு மேலாக ஒருபோதும் எடுக்காதீர்கள்.

மங்கல்தான், ஆனால் நெளிவு இல்லை

சரி, இதில் மூன்று வகை உண்டு. தரை, புல், பறவை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுங்கியிருக்கிறது. தரை தெளிவாக இருந்து இறகு நுனி மட்டும் கரைந்திருந்தால் பறவை அசைந்திருக்கிறது. பறவை மங்கி, அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு கீற்றுத் தரை மட்டும் பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது.

முதல் இரண்டுக்கும் ஷட்டர் வேகம்தான் மருந்து. நின்று மேயும் பறவைக்கு 1/800 செக்கன், பறக்கும் கொக்குக்கும் நாரைக்கும் 1/1600, மீனுக்காகத் தலைகீழாக விழும் ஆலாவுக்கு 1/3200. கை நடுக்கத்துக்குப் பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி இரு முனையும் தைத்து, உள்ளே அரிசி போட்ட பை போதும். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்துக் கட்டின் மேல், மோட்டார் சைக்கிள் சீற்றில், வான் யன்னலில் எங்கும் வைத்துக்கொள்ளலாம். காற்று வீசும் கரையில் மெல்லிய முக்காலியை விட இதைத்தான் நான் நம்புவேன்.

ஃபோகஸ் தவறுவதற்கு இடமே எவ்வளவு குறைவு என்பது பலருக்குத் தெரியாது. 600 மி.மீ. லென்ஸில், லென்ஸின் துவாரத்தை எஃப் 6.3 இல் வைத்து, 10 மீற்றரில் நிற்கும் பறவையை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 10 செ.மீ. தான். கொக்கின் கண்ணுக்கும் தோளுக்கும் இடையிலேயே அது முடிந்துவிடும். ஆகவே ஒற்றை ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் கண்ணில் வையுங்கள். கண்ணை அடையாளம் காணும் வசதி உள்ள கமரா என்றால் திறந்த வெளியில் அதை நம்பலாம். சரசாலைக் குருவிக்காட்டில், கண்டல் கிளைகளுக்குள், அது கிளையைத்தான் பிடிக்கும். அங்கே ஒற்றைப் புள்ளிதான் சரி. அதுவும் தடுமாறினால் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்புங்கள்.

கொக்கு சுண்ணாம்பு பூசியது போல, இறகே தெரியாமல் இருக்கிறது

கமரா முழுப் படத்தையும் சராசரி பார்க்கிறது. கரிய கண்டலுக்கு முன் நிற்கும் வெள்ளைக் கொக்கென்றால், இருட்டு அதிகம் என்று எண்ணி ஒளியை ஏற்றிவிடும், கொக்கு வெந்துவிடும். மின்னும் தண்ணீருக்கு முன் நிற்கும் கறுப்பு நீர்க்காகமென்றால் இதன் மறுதலை நடக்கும், நீர்க்காகம் மை கொட்டினது போலாகும்.

எக்ஸ்போஷர் திருத்தத்தை முதலாவதற்குக் குறைத்தும் இரண்டாவதற்குக் கூட்டியும் வைக்கலாம். ஆனால் பறந்துகொண்டிருக்கும் கொக்கு ஒரு கணம் கண்டலுக்கு முன்னும், மறுகணம் வானத்துக்கு முன்னும் போகும்போது யாரால் திருகிக்கொண்டிருக்க முடியும்? கொக்கின் மேல் விழும் வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே. ஆகவே நல்ல வெயிலில் நான் எல்லா அளவையும் கையால் வைத்து மனுவலில் பூட்டிவிடுவேன்: ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400, எஃப் 6.3, சாதாரணப் பறவைக்கு 1/2500, வெள்ளைக் கொக்குக்கு 1/4000. இது முழு வெயிலுக்கு உரிய கணக்கு. விடியற்காலை மஞ்சள் வெயிலுக்கு இன்னும் திறக்க வேண்டும். ஒரு படம் எடுத்து, மிகை ஒளி மினுக்கும் எச்சரிக்கையைப் பார்த்து, கொக்கின் முதுகில் மினுக்கம் நின்றதும் பூட்டிவிடுங்கள். அப்புறம் பின்னணியைப் பற்றிய கவலையே இல்லை.

பூநாரையில் இன்னொரு சிக்கல். சிவப்பு நிறம் மட்டும் தனியாக நிரம்பி வழிந்து, இறகின் வரிகள் மறைந்து ஒரே இளஞ்சிவப்புத் தகடாகிவிடும். ஒளியின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபு மொத்தத்தில் சரி என்று காட்டும், சிவப்புக்கான தனிக் கோட்டைப் பார்த்தால்தான் பிடிபடும். கமரா பதப்படுத்தாத ரோ கோப்பில் எடுத்தால் பெரும்பாலும் மீட்கலாம்.

விடியற்காலைப் படங்கள் எல்லாம் பால் கலந்தது போல

முதல் இருபது படம் மட்டும் அப்படி இருந்து பிறகு தானாகவே தெளிந்தால், லென்ஸில் பனி பிடித்திருக்கிறது. ஏசி அறையில் இரவு முழுக்கக் கிடந்த கமராவை ஈரக்காற்றுக்குள் எடுத்தால் இது நடக்கும். மூடிய பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறவுங்கள். துடைத்தால் மறுபடியும் பிடிக்கும்.

படம் தெளியவே இல்லை, நேரம் போகப் போகக் கூடுகிறது என்றால் அது உப்பு. பண்ணைக் கடலில் காற்றுள்ள நாளில் அரை மணி நேரம் நின்றாலே முன் கண்ணாடியில் மெல்லிய படலம் படியும். சூரியனுக்கு எதிரே லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். இதை உலர்ந்த துணியால் தேய்ப்பதுதான் நம்மவர் அதிகம் செய்யும் தவறு. உப்புப் பளிங்கு கண்ணாடியின் மேற்பூச்சைக் கீறும். முதலில் ஊதி நீக்குங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள், கடைசியில்தான் உலர்ந்த துணி. கமராவின் உடம்பையும் அதே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

மாரி தொடங்கினால் பூஞ்சை வரும். லென்ஸின் உள்ளே சிலந்தி நூல் போலப் படரும். தோல் உறையில் போட்டு அலுமாரியில் பூட்டி வைப்பது அதற்கு வீடு கட்டிக் கொடுப்பது. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மானி, இவ்வளவும் போதும். மானி 40 முதல் 50 வீதத்துக்குள் நிற்க வேண்டும். அரிசிக்குள் புதைப்பவர்களுக்கு: அதனால் ஈரம் வெளியே போவதை விடத் தூசி உள்ளே போவதுதான் அதிகம்.

பறவை ஒரு புள்ளியாகத்தான் விழுகிறது, கிட்டப் போனால் பறந்துவிடுகிறது

மேலே சொன்னவை எல்லாம் கருவியின் பாடு. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

புரட்டாசியில் நம் சேற்றில் நிற்கும் சிறிய உப்புக்கொத்தி திபெத்துப் பீடபூமியில் இருந்தோ அதற்கும் வடக்கே இருந்தோ வந்திருக்கலாம். வந்ததும் அதற்கு வேலை இரண்டுதான்: தின்பது, ஓய்வது. நாம் ஒருமுறை எழுப்பினால் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் போகும். ஒரு காலையில் ஐந்து பேர் எழுப்பினால்? நானும் தொடக்கத்தில், பறக்கும் படத்துக்காகவே கூட்டத்தை நோக்கி நேரே நடந்திருக்கிறேன். இன்று அதை நினைக்க மனம் வருந்துகிறது. அந்தப் படங்களில் ஒன்றுகூட நன்றாக இல்லை, எல்லாமே முதுகு காட்டிப் போகும் பறவைகள்.

கிட்டப் போகும் வழி, பறவையை வரவிடுவதுதான். ஒரு விடியற்காலையில், சரசாலையில், உரப் பையை விரித்துச் சேற்று ஓரத்தில் குப்புறப் படுத்திருந்தேன். உப்புக்கொத்தி ஒன்று முப்பது மீற்றரில் நின்றது. நெஞ்சில் கோடைக்காலத்துச் செம்மஞ்சள் பட்டை பாதி உதிர்ந்து திட்டுத் திட்டாகக் கிடந்தது. அது ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். முக்கால் மணி நேரத்தில் ஏழெட்டு மீற்றருக்குள் வந்துவிட்டது. அங்கே நின்று வலது காலை முன்னே நீட்டி, ஈரச் சேற்றின் மேல் படபடவென்று நடுக்கியது. சேறு மெல்லத் தளும்பியது. தலையைச் சரித்து ஒரு பக்கக் கண்ணால் பார்த்தது. சட்டென்று குனிந்து ஒரு புழுவைப் பிடித்து, அறுந்துவிடாமல், இறப்பர் போல நீள நீள மெதுவாக இழுத்தது. நான் அசையவில்லை. அதுவும் என்னைப் பொருட்படுத்தவில்லை. அன்றைக்கு எடுத்தவை பதினாறு படம், பதினாறும் தெளிவு. இருந்த லென்ஸ் பழைய 300 மி.மீ. தான்.

படுத்தபோது படத்தின் உயரமும் மாறிவிடுகிறது. நின்ற உயரத்தில் எடுத்தால் பின்னணி முழுதும் சேறு. பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கினால் பின்னணி தூரத்துக் கரையாகி மென்மையாகக் கரைந்துவிடும். படம் தெளிவாக இருந்தும் உயிரில்லை என்று முறையிடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதை மட்டும்தான்.

போக வேண்டியே இருந்தால் நேரே நடக்காமல் சாய்வாக, நின்று நின்று போங்கள். பறவை மேய்வதை நிறுத்தினால், கழுத்தை நீட்டினால், தலையை மேலும் கீழும் ஆட்டினால் அதுதான் எல்லை. அந்த இடத்திலேயே இருந்துவிடுங்கள். ஒரு ஆட்காட்டி கத்தத் தொடங்கினால் அந்த வெளி முழுவதற்கும் செய்தி போய்விடும், அரை மணி நேரம் அசையாமல் இருப்பதைத் தவிர வழியில்லை. பண்ணைப் பாலம் போன்ற தெருவோரப் பறவைகள் பஸ்ஸுக்கும் லொறிக்கும் பழகியவை. ஓட்டோவில் இருந்தபடியே எடுத்தால் நிற்கும், கீழே இறங்கினால் போய்விடும். ஒலிப்பதிவு போட்டு அழைப்பது வேண்டாம். ட்ரோன் அறவே வேண்டாம். கூட்டம் அதைப் பருந்தென்று எண்ணிச் சிதறும், அதோடு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதியும் தேவை. கடற்படை, இராணுவ முகாம்களின் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ கண்டால், அப்பால் எந்தப் பறவை நின்றாலும், திரும்பிவிடுங்கள்.

போன கிழமை நின்ற பறவைகள் இன்றைக்கு ஒன்றுமில்லை

இலங்கையைச் சுற்றிக் கடல் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. நம் நீரேரிகளில் தண்ணீரை இழுப்பதும் தள்ளுவதும் பெரும்பாலும் காற்று. சோளகத்தில் திறந்து கிடந்த சேறு, காற்று வடக்கே திரும்பியதும் முழங்கால் தண்ணீராகும், எதிர்க்கரையில் புதுச் சேறு திறக்கும். வீச்சுவலையோடு நின்ற ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன்: "அண்ணை, குருவியள் எங்க போயிட்டுது?" வலையை உதறியபடியே சொன்னார்: "காத்து மாறிட்டுது தம்பி. தண்ணி எங்க வத்துதோ அங்க போய்ப் பாரும்." அன்று முதல் வெளிக்கிடுமுன் காற்றின் திசையைப் பார்க்கிறேன்.

மழை பெய்யத் தொடங்கியதும் கணக்கு இன்னொரு முறை மாறும். தண்ணீர் ஆழமானால் குறுங்கால் உள்ளான்கள் இடம் பெயரும், பவளக்காலி போன்ற நெடுங்கால்கள் இன்னும் சில நாள் நிற்கும், தாராக்களுக்கு அதுதான் கொண்டாட்டம். வயல்களிலும் தரவை எனும் புல்வெளிகளிலும் தேங்கும் மழை வெள்ளத்தைத் தவற விடாதீர்கள். கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் சுண்டிக்குளம். 1938 இல் பறவைச் சரணாலயமாக்கப்பட்டு 2015 இல் தேசியப் பூங்காவானது. வனசீவராசிகள் திணைக்களத்திடம் விசாரித்துக்கொண்டு போங்கள்.

வெளிச்சத்தின் திசையும் மாறுகிறது. ஆவணி நடுப்பகுதிக்குப் பிறகு நமக்கு உச்சி வெயில் தெற்கே சாயத் தொடங்கும். தை வரைக்கும் வடக்கு நோக்கி எடுத்தால் வெயில் உங்கள் முதுகில் இருக்கும். ஆனி, ஆடியில் நன்றாக வந்த அதே இடம் இப்போது பிசகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படம் முழுக்க மணல் தூவினது போல, வானத்தில் கரும்புள்ளிகள்

மணல் என்பது இருட்டில் எடுத்ததன் விளைவு. ஐஎஸ்ஓ கூடிவிடும் என்று பயந்து குறைத்து எடுத்து, பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றினால் இன்னும் மோசமாகும். ஐஎஸ்ஓ 3200 வைத்துச் சரியான ஒளியில் எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளி சென்சாரில் உள்ள தூசி. காற்றடிக்கும் கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள்.

பறவை எதுவென்றே தெரியவில்லை

புரட்டாசிப் பறவைகள் கோடை உடைக்கும் குளிர்கால உடைக்கும் இடையில் நிற்கின்றன. கையேட்டுப் படத்தோடு பொருந்தாது. நிறத்தை விட்டுவிட்டு அலகின் நீளம், காலின் நிறம், பறக்கும்போது சிறகில் தெரியும் வெள்ளைக் கோடு ஆகியவற்றைப் பாருங்கள். திகதி, இடம், தண்ணீரின் அளவு மூன்றையும் குறித்து வையுங்கள்.

காலையும் பெரிதாக்கிப் பாருங்கள். சில கரைப்பறவைகளின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ சிறு கொடியோ இருக்கும். கொடியின் நிறமும் அதில் உள்ள எழுத்தும் அது எந்த நாட்டில், எந்தக் கரையில் பிடித்து விடப்பட்டது என்று சொல்லும். மாட்டியவர்களுக்கு எழுதினால் பறவையின் கதை உங்களுக்குத் திரும்பி வரும். முகம் மங்கி, சிறகு வெட்டுப்பட்டு, அழிக்கப் போன படத்திலும் அந்தக் கொடி தெளிவாக விழுந்திருக்கலாம்.